ஐப்பசியில் போட்ட லீவு

கடையநல்லூர் தறிக்காரர் துல்கர்னைனின் கடைசி மகள் அலிமா. வாக்கப்பட்டதும் சொந்தத்துக்குள்தான், தாய்மாமன் மகன் முகம்மது சலீமுக்கு. சலீம் துபாயில் வேலை பார்த்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவை ஒட்டிச் சித்திரையில் மட்டும் ஊருக்கு வருவார். தென்காசியில் குற்றாலம் ரோட்டுப் பக்கம் மனை வாங்கியதும் ஒரு சித்திரையில்தான். மனைக்குக் குறுக்கே காய்ந்து கிடந்த பள்ளத்தை, யாரோ மண் அள்ளிய குழி என்று நினைத்துக்கொண்டார்.

அது ஓடை. ஐந்தருவியில் குளிக்கத் தடை போடுகிற அளவுக்கு மலையில் மழை பெய்தால், அன்றைக்கே அதில் தண்ணீர் வந்துவிடும். அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்த அலிமா அதைப் பார்த்திருக்கிறாள். போனில் சொல்லவும் செய்தாள்.

“பள்ளத்தை மூடிச் சுத்தி காம்பவுண்டு போடச் சொல்லு. முத்தம் பூராவும் சிமெண்டு. வீட்டுக்குள்ள சேறு மிதிச்சு வரக் கூடாது,” என்றார் சலீம்.

வெயிலில் வெந்து சம்பாதிக்கிற மனுஷனின் ஆசை. அவர் சொன்னபடியே கட்டச் சொன்னாள்.

குடி போன வருஷமே கார்த்திகை மழை கொட்டியது. ஓடை வந்து சுவரில் முட்டித் திரும்பி, பக்கத்துத் தாழ்ந்த வீட்டுக்குள் புகுந்தது. அது சொக்கம்மாள் வீடு. அவள் புருஷன் பால்வண்ணநாதன் வாதத்தில் விழுந்து கிடந்தவர். கட்டிலோடு தூக்கி அலிமா வீட்டு மாடியில் போட்டார்கள். நெஞ்சில் சளி கட்டி, தை பிறக்குமுன் போய்விட்டார்.

சொக்கம்மாள் ஒரு சொல் ஏசவில்லை. ஆனால் அலிமா கொடுத்துவிட்ட நோன்புக் கஞ்சித் தூக்குவாளி, எப்போதும் மாங்காயோ முருங்கைக்காயோ போட்டு வருவது, அந்த வருஷம் கழுவி வெறுமையாக வந்தது.

அலிமா என்ஜினீயர் ஸ்ரீமதியைக் கூட்டிவந்து காட்டினாள். ஓடைக்கு வழி விட்டுச் சுவரில் தண்ணீர் புகுந்து போகிற கம்பி அழி வைக்கலாம், முற்றத்தை மண்ணாகவே விட்டுத் தண்ணீரை இறங்க விடலாம், மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பலாம் என்று அவள் வரைந்து கொடுத்தாள்.

“துட்டு குடுத்துக் கட்டி, துட்டு குடுத்து இடிப்பாங்களாட்டி? ஊரே சிரிக்கும்,” என்றார் சலீம் போனில்.

“இடிக்கச் சொல்லல மச்சான். இந்தத் தடவை சித்திரைல வராதிய. ஐப்பசில வாங்க.”

வந்தார். ஐந்தருவியில் தடை போட்ட அன்று, அலிமா சொக்கம்மாள் வாசலில் மணல் மூடைகளை அடுக்கினாள். ஓடை சுவரில் முட்டி நின்று திரும்பி, மூடைகளையும் தாண்டியது.

“அங்கன என்னட்டி சத்தம்?”

“சொக்கம்மாக்கா வீட்டுக்குள்ள வந்த தண்ணியக் கோரி ஊத்துதாக.”

சுவரோரம் போய் எட்டிப் பார்த்த சலீம், சாரத்தை மடித்துக் கட்டிக் கடப்பாரையை எடுத்தார். சுவரின் அடிவரிசை இரண்டு பக்கமும் பெயர்ந்ததும் தண்ணீர் முற்றத்தின் குறுக்கே பழைய வழியில் இறங்கி ஓடியது. சொக்கம்மாள் வாளியோடு வெளியே வந்து பார்த்தாள்.

“இதைப் போன வருசம் செஞ்சிருந்தா, அவுக இருந்திருப்பாக பாயி.”

ஸ்ரீமதி வரைந்த வேலை முடிகிறவரை சலீம் துபாய்க்குத் திரும்பிப் போகவில்லை.

அடுத்த நோன்பில் தூக்கு திரும்பி வந்தது. மாங்காய் இல்லை. அடியில் ஒரு பிடி முருங்கைக்கீரை கிடந்தது.