மூன்றாவது வீட்டில் விசாரிக்கணும்

காஜியார் தெரு ஆரிப் பாய்க்கு ஒரு பொருள் பிடித்துப்போனால் முகம் சுருங்கிவிடும். பிடிக்காவிட்டால்தான் நிம்மதியாகச் சிரிப்பார். பெயின்ட் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு அந்த முகத்துக்கு ஒரே வேலைதான் மிச்சம். கல்யாண விசாரிப்பு.

சொந்தத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். மாப்பிள்ளையின் தெருவுக்குப் போவார். டீக்கடையில் உட்கார்ந்து, காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல மெத்தென்ற குரலில், "இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு எதுனா இருக்குங்களா?" என்று ஆரம்பிப்பார். வீட்டுப் பேச்சு எடுத்தால் தெருவே வாயைத் திறக்கும். ஆனால் மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டில் மட்டும் கேட்க மாட்டார். அவர்கள் பயந்துகொண்டு நல்லதாகவே சொல்வார்கள். எதிர் வீட்டிலும் கேட்க மாட்டார். அங்கே பழைய சண்டை ஏதாவது இருக்கும். மூன்றாவது வீடுதான் அவர் நம்பும் வீடு. இந்த முறையில், முதல் மனைவியை மறைத்த மாப்பிள்ளை ஒருவன் அகப்பட்டிருக்கிறான். தெருநாய்க்கு தினமும் பிஸ்கட் போடுகிறான், ஏன் போடுகிறான் என்ற சந்தேகத்தில் ஒரு நல்ல பையனும் கழிக்கப்பட்டிருக்கிறான்.

இப்படிப்பட்டவர்தான் வெளிநாட்டில் வீடு வாங்கக் கிளம்பினார்.

காரணம் அவர் மனைவி ரமீஜா. போன மே மாதம் பெரிய மார்க்கெட்டில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார். வெயில் மாதங்களை இனி இந்த ஊரில் கழிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த, ஆரிப் பாயின் அப்பா காலத்திலேயே குடும்பத்துக்கு பிரெஞ்சு குடியுரிமை உண்டு. மகள் ரூமானா ரெயூனியோன் தீவில் நர்ஸ். மடகாஸ்கருக்குப் பக்கத்தில் கிடந்தாலும் அந்தத் தீவும் பிரான்சுதான். இங்கே அனல் பறக்கும்போது அங்கே குளிர்காலம். பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே என்பது ரமீஜாவின் ஆசை.

மகள் இருக்கிற ஊர் என்பதாலேயே ஆரிப் பாய்க்கு அதில் சந்தேகம் வந்தது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறாளோ? அதனால் முதலில் பினாங்கில் ஒரு வீட்டை எடுத்துப் பார்த்தார். போனிலேயே மூன்றாவது வீட்டுக்காரரைப் பிடித்தார். அந்த மனிதர் வீட்டையும் தெருவையும் காற்றையும் தண்ணீரையும் புகழ்ந்து தள்ளினார். அவ்வளவு புகழ அவனுக்கு என்ன லாபம் என்று ஆரிப் பாய் அதைக் கைகழுவினார். அடுத்து பாரிஸ் ஓரத்தில் ஒரு வீடு. அங்கே யாருக்கும் யாரைப் பற்றியும் எதுவும் தெரியவில்லை. எதையோ மறைக்கிறார்கள் என்று அதையும் விட்டார்.

மூன்றாவதாக ரூமானாவே ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாள். அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கீழ்த்தளம் மட்டும் விலைக்கு வந்திருந்தது. மேலே வீட்டுச் சொந்தக்காரி மதாம் ஹேமலதா தனியாக இருக்கிறார். அரியாங்குப்பத்தில் பிறந்தவர், வாக்கப்பட்டுத் தீவுக்குப் போனவர், கணவர் காலமாகிவிட்டார். வீட்டு வாசலில் லிச்சி மரம்கூட இருந்தது.

"இதுல என்னாங்க குறை?" என்று ரமீஜா கேட்டார்.

"குறையே இல்ல. அதான் இடிக்குது."

ரமீஜா குரலை உயர்த்தவில்லை. "இதையும் வேணாம்னு தள்ளுனீங்கன்னா, வெயிலுக்கு நான் மட்டும் போயிடுவேன். நீங்க இங்கயே இருந்து யார வேணும்னாலும் சந்தேகப்பட்டுக்கங்க."

நாற்பது வருஷக் குடும்பத்தில் ரமீஜா இப்படி மெதுவாகப் பேசியது குறைவு. ஆனாலும் விசாரிக்காமல் எப்படி? போனைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவின் ரொட்டிக் கடைக்குப் போகும்படி ரூமானாவிடம் சொன்னார். வீடியோவில் முகத்தைக் காட்டி, பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை மெத்தென்ற குரலில் எடுத்துவிட்டார். மதாம், இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு எதுவும் உண்டா? ரொட்டிக் கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மட்டும் தெரிகிற ஒரு ஆள், கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, வாடகை வீடு கேட்கிறான். அடுத்த ஆளுக்கு ரொட்டி எடுக்கப் போய்விட்டாள். ரூமானா கடையை விட்டு இறங்கும்போது முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம், காஜியார் தெரு முனை டீக்கடைக்காரர் பலராமன், கிளாஸைக் கழுவியபடி சொன்னார்.

"பாய், உங்களப் பத்தி ஒருத்தர் விசாரிச்சிட்டுப் போனாரு."

"யாரு? என்னா கேட்டான்?"

"வாடகைக்கு வீடு இருக்கான்னுதான் ஆரம்பிச்சாரு. குரலு அப்படியே உங்கள மாதிரி. காய்ச்சக்காரன்கிட்ட பேசுற மாதிரி."

ஆரிப் பாய்க்கு டீ இறங்கவில்லை. வருமான வரிக்காரனா? பிஸ்கட் போட்ட பையனின் அப்பாவா? மகன் கடையில் எதையாவது செய்து வைத்திருக்கிறானா? அந்த ஆள் டீக்கடையோடு நின்றிருக்க மாட்டான் என்பது மட்டும் அவருக்கு நிச்சயம். தன் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு நேரே போய்க் கதவைத் தட்டினார். குஞ்சம்மாள் வெளியே வந்தாள்.

"வந்தாரு பாய். உண்மையத்தான் சொன்னேன்."

"என்னா உண்மை?"

"அத எப்படிச் சொல்றது? விசாரிப்புல சொன்னத வெளிய விடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ரமீஜா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வெங்காயம் உருண்டு ஓடியது. மதாம் ஹேமலதாவின் தம்பி வெற்றிச்செல்வன் அரியாங்குப்பத்தில் இருக்கிறார் என்று ரூமானா முன்பே சொல்லியிருந்தாள். ரொட்டிக் கடைக்காரி மாடிக்குச் செய்தி சொல்லியிருப்பாள். மாடி அரியாங்குப்பத்துக்குச் சொல்லியிருக்கும். அந்த அம்மாவும் இந்த ஊர்க்காரிதானே.

அதன் பிறகு ஆரிப் பாய், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பதிலுக்குக் காத்திருந்தார். தெருவில் எல்லோருக்கும் முந்திக்கொண்டு வணக்கம் வைத்தார். குஞ்சம்மாள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். தன்னை ஒருத்தர் கழித்துவிடுவார் என்ற நினைப்பு அவருக்குப் புதுசு. கழித்தால் ரமீஜா தனியாகப் போய்விடுவார் என்ற நினைப்பு அதைவிடக் கனமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தபோது ரூமானா போனில் இருந்தாள்.

"அத்தா, அவங்களுக்குச் சம்மதமாம். வாசல் கேட்டப் பூட்டிட்டுப் போயி, திரும்பி வந்து இழுத்துப் பாப்பீங்களாமே. அப்புறம் குஞ்சம்மாள் வீட்டு கேட்டையும் இழுத்துப் பாப்பீங்களாம். தனியா இருக்கற எனக்கு கீழ இப்படி ஒருத்தர்தான் வேணும்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு கண்டிஷன். நீங்க நம்ம ஊருக்குத் திரும்பிட்டா கீழ் வீட்டுச் சாவி அவங்ககிட்ட இருக்கணும்."

ஆரிப் பாயின் முகம் சுருங்கியது. சாவியா? பூட்டிய வீட்டுக்குள் யார் போகிறார்கள், வருகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? யோசித்துச் சொல்கிறேன் என்றார். ரமீஜா உள்ளே போய்த் தன் பெட்டியைத் தூசி தட்டினார். ஒரு பெட்டியைத்தான்.

மறுநாள் காலை அரியாங்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஆரிப் பாய், வெற்றிச்செல்வன் வீட்டுத் தெருவின் டீக்கடையில் உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். குரல் மெத்தென்று வந்தது.

"இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு..."

"காஜியார் தெரு பாய்தானே?" என்றார் கடைக்காரர். "வருவீங்கன்னு வெற்றிச்செல்வன் சொல்லிட்டாரு. டீக்கு காசு வேணாம். மூணாவது வீடு அதோ, பச்ச கேட்டு. அந்த வீட்டுக்காரம்மா நேத்துலேர்ந்து உங்களத்தான் பாத்துட்டு இருக்கு."

ஆரிப் பாய் பச்சை கேட்டைப் பார்த்தார். அங்கே ஒரு தலை சட்டென்று உள்ளே போனது. டீயை முழுசாகக் குடித்தார். காசை எண்ணி மேஜையில் வைத்துவிட்டு, ரமீஜாவுக்குப் போன் போட்டார்.

"சாவி மதாம்கிட்டயே இருக்கட்டும். என் பெட்டியையும் எடுத்து வை."

"விசாரிச்சிட்டீங்களா?"

"வேண்டியதில்ல. சந்தேகத்துல அந்த மதாம் என்னவிட மோசம்."