தீயே பிடிக்காத ஊரின் தீயணைப்பு வண்டி

என் அக்கா அருணாவின் கணவர் தாண்டவராயன் மாமாவைப் பற்றி நல்லவிதமாக நாலு வரி எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. தட்டில் சொஜ்ஜி வைத்தாயிற்று. ஊரை ஒட்டிய சாலையில் சைரன் கேட்டது. மனுஷன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தத் தீயணைப்பு வண்டியின் பின்னாலேயே பைக்கில் விக்கிரவாண்டி வரைக்கும் போய்விட்டார். சாயங்காலம் முகமெல்லாம் கரியோடு திரும்பி வந்து, "பொண்ணு புடிச்சிருக்குங்க" என்றார். அதுவரை அவர் பெண்ணைப் பார்க்கவே இல்லை. அக்கா எப்படிச் சம்மதித்தாள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போட சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருக்கிறார். பேச்செல்லாம் என்னவோ பம்பு, ஹோஸ், டேங்க்தான். ஆயுதபூஜை அன்று ஊரே தன் டிராக்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கும். இவர் திண்டிவனம் தீயணைப்பு நிலையத்துக்குப் போய், அவர்கள் கொடுக்கிற பொரியைக் கொறித்தபடி வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வருவார்.

எங்கள் ஊர் நெடுஞ்சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே. திண்டிவனத்திலிருந்து வண்டி வருவதற்குள் வைக்கோல் போர் சாம்பலாகிவிடும். அவர்கள்மேல் தப்பில்லை, தூரம் அப்படி. ஒரே கோடையில் மூன்று போர் எரிந்ததும், மாமாவின் நச்சரிப்புத் தாங்காமல் எங்கள் இளைஞர் மன்றம் சொந்தமாக ஒரு வண்டி வாங்க முடிவுசெய்தது. மன்றத்தில் நாற்பது வயதுக்குக் கீழே யாரும் கிடையாது. நான் செயலாளர். தலைவர் சின்னதுரை சாமியானா வாடகைக்கு விடுகிறவர்.

பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்கு மூன்று பேரும் போனோம். எந்த வண்டியைக் காட்டினாலும் சின்னதுரை, "பின்னாடி எத்தினி சேர் ஏத்தலாம்?" என்று கேட்டார். மாமா எட்டு மாடி உயரத்துக்கு ஏணி நீளும் ஒரு வண்டியின் முன்னால் கைகூப்பாத குறையாக நின்றார்.

"மாமா, நம்ம ஊர்ல மாடின்னு இருக்கிறது பள்ளிக்கூடம் ஒண்ணுதான்" என்றேன்.

"கட்டுவாங்க மச்சான்" என்றார்.

அவரை அங்கிருந்து நகர்த்த ஒரு மணிநேரம் ஆனது. கடைசியில் எங்கள் தெருவில் நுழையக்கூடிய ஒரு சின்னச் சிவப்பு வண்டியைத் தேர்ந்தெடுத்தார். அதன் அடியில் படுத்துப் பார்த்தார். ஹோஸ் முனை எங்கள் மோட்டார் கொட்டகைக் குழாய்க்குப் பொருந்துமா என்று அளந்தார். டேங்கில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்து, துரு இல்லை என்றார்.

சின்னதுரை ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு வருஷத்துக்குள்ள வண்டி ஒரு தீக்காவது போவணும். இல்லன்னா டேங்கை எறக்கிட்டு, பந்தல் சாமான் ஏத்த வுட்டுடணும்." நான்தான் தீர்மானம் எழுதினேன். மாமா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கரண்ட் கம்பிக்குக் கீழே இருந்த போர்களையெல்லாம் இடம் மாற்றவைத்தார். வீடு வீடாகப் புகுந்து கேஸ் டியூபை வளைத்துப் பார்த்தார். பீடி குடிப்பவர்களின் பின்னாலேயே நடந்து துண்டை மிதித்தார். தீபாவளிக்கு ராக்கெட் விடுகிறவர்களை ஏரிக்கு ஓட்டினார். போகிக்கு ஒவ்வொரு வாசலிலும் குடத்தோடு நின்றார். பதினொரு மாதத்தில் ஊரில் ஒரு பாய்கூடப் பொசுங்கவில்லை.

"வண்டி வேணுமா வேணாமா மாமா? எதுக்கு இப்படிப் பண்ணிக்கினு கெடக்கிறீங்க?"

"எரியப்போறது தெரிஞ்சும் பார்த்துக்கினு நிக்கச் சொல்றியா?"

அக்கா திருவக்கரைக்குப் போய் வக்கிரகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தாள். என்ன வேண்டினாய் என்று கேட்டேன். "யாருக்கும் சேதமில்லாம, சின்னதா ஒரே ஒரு தீ" என்றாள்.

கெடு முடிகிற நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். சின்னதுரை தன் சாமியானாவையே போட்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது, ஒட்டுப்போட்ட ஃபேன் ஒயரில் பொறி பறந்து பந்தல் துணி பற்றிக்கொண்டது. வண்டி இருநூறு அடி தள்ளி, கோயில் பக்கத்தில், டேங்க் நிறையத் தண்ணீரோடு நின்றிருந்தது. "வண்டிய எடுங்க, ஜல்தி" என்று எல்லோரும் கத்தினார்கள். அக்கா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

மாமா வண்டியை நோக்கி நாலு எட்டு ஓடினார். பிறகு நின்றார், திரும்பினார். சுவிட்சை அணைத்தார், எரிகிற துணியை இழுத்துக் கீழே போட்டார், டீக்காரர் பாத்திரத்துக்கு அடியில் வைத்திருந்த ஈரச் சாக்கை அதன்மேல் வீசி மிதித்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, தீ போய்விட்டது.

சின்னதுரை தன் துணியைப் புரட்டிப் பார்த்தார். ஒரு மூலைதான் கருகியிருந்தது. "தீ அணைஞ்சிது, சந்தோசம். வண்டி போவலியே" என்றார். அவரை அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன், கையில் தீர்மான நோட்டு இருந்தது.

மாமாவைத் தனியாக இழுத்தேன். "வண்டி வந்துதான் அணைச்சுதுன்னு எழுதிடறேன். அத்தினி பேரும் கையெழுத்துப் போடுவாங்க."

"வேணாம் மச்சான். அது ஸ்டார்ட் ஆவறதுக்குள்ள மேல் துணி மொத்தமும் புடிச்சிருக்கும். போவாத வண்டிய போச்சுன்னு எழுதாத. அதோட முதல் தீ பொய்யா இருக்க வேணாம்."

நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். முதல் கையெழுத்தை அவரே போட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, சின்னதுரையிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்றார். "திட்டாம போடுங்க."