சூளைப் பக்கம் போன கோழித் தீவனப் பொடி

கோழித் தீவனத்தில் கலக்கும் பொடி விற்கிறவன் நான். முட்டை கூடினால் கோழிக்குப் பெயர், குறைந்தால் எனக்கு. பைக்கில் பையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் உங்களுக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரிந்திருக்கும்.

ஈரம் ஆகாது

விருத்தாசலத்தில் ஸ்டெல்லா அக்கா நூறு கோழி வளர்க்கிறார். பக்கத்து மங்களூர் ஒன்றியத்திலிருந்து வாங்கிய மக்காச்சோளம் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. கெட்டதைக் கொட்டிவிட்டார். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நஞ்சு மிச்சத்தில் இருக்கலாம். அந்த நஞ்சை உடைப்பதற்கென்றே ஆய்வகத்தில் திருத்தி உருவாக்கிய நொதிதான் என் பொடி. தினம் ஒரு கரண்டி கலக்க வேண்டும்.

“ஈரம் மட்டும் படவே கூடாது” என்று மூன்று முறை சொன்னேன். அவர் கணவர் அருளப்பன் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். அவர் சிரித்துவிட்டார்.

“ஈரத்தப் பத்தி எங்களுக்கே சொல்றீங்களா? அத வெரட்டுறதுதான் சார் எங்க பொழப்பே.”

பத்தாம் நாள்

அக்கா போனில் அழுதார். ஓடினேன். ஏழு கோழி செத்திருந்தது, மற்றவை இறகு தொங்க மூலையில் நின்றன. அளவு சரி, கலந்த விதமும் சரி. அதே சரக்கு கம்மாபுரத்தில் நன்றாகவே வேலை செய்திருந்தது. அக்கா இருமிக்கொண்டே சொன்னார்:

“களிமண்ணுத் தூசி ஒத்துக்காமத்தான் கம்பெனிய வுட்டு நின்னேன் தம்பி. இதுங்க போச்சுன்னா திரும்ப அங்கதான் போவணும்.”

பை இருந்த இடம்

“பையைக் காட்டுங்க” என்றேன். அது வீட்டில் இல்லை. அருளப்பன் பெருமையாகக் கம்பெனிக்கு அழைத்துப் போனார். சூளையை ஒட்டி, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை உலர்த்தும் பலகையில் என் பை இருந்தது. தொட்டேன், கை சுட்டது. தினமும் அன்றைய பொடியை மட்டும் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்.

நொதி சூட்டில் செத்துவிடும். அதை நான் சொல்லவே இல்லை. அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம், ஆனால் வெட்கமாக இருந்தது. அக்காவிடம் போய்த் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அந்தச் சோளத்தை நிறுத்தி, வேறு சோளமும் புதுப் பையும் நானே கொண்டு வந்து கொடுத்தேன். அடுத்த வாரம் முழுக்கத் தினமும் போய்க் கோழிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு கோழிகள் தெளிந்தன, முட்டையும் வந்தது. அக்கா கம்பெனிக்குத் திரும்பவில்லை. ஆனால் என்னைச் சும்மா விடவுமில்லை.

“ஈரம் ஆகாதுன்னா எங்க ஊர்ல நெருப்புகிட்டதான் வெப்பாங்க தம்பி. இத்தன படிச்சவரு, அத யோசிக்கலியா?”

இப்போதெல்லாம் வாங்குகிறவர் வீட்டில் யார் என்ன வேலைக்குப் போகிறார் என்று விசாரித்த பிறகுதான் நான் பையையே பிரிக்கிறேன்.