டிஷ் கம்பத்தில் கட்டிய கொடி

ஆபீஸ் விட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால், படம் கட்டம் கட்டமாக உடையும். லேசாக மேகம் கூடினாலே சிக்னல் போய்விடும். ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தே பத்து நாளில் அலுத்துப்போனேன்.

அந்த அலுப்பில்தான், தீபமலை அடிவாரத்து வேங்கிக்காலில் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் செல்வியிடம் கத்தினேன். மொட்டைமாடியில் அவள் துணி காயப்போடும் கொடியை டிஷ் கம்பத்தில்தான் கட்டியிருந்தாள்.

"ஈரத்துணி பாரம் ஜாஸ்தி, அதான் டிஷ் சாயுது. அறிவு வேணாமா?"

"சரிங்கண்ணா" என்று மட்டும் சொல்லி, அன்றே கொடியை அவிழ்த்துவிட்டாள்.

அப்புறமும் படம் உடைந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். டிஷ்ஷைப் பார்த்தவர், "யாருங்க இதைத் திருப்பினது?" என்றார்.

"காத்துல திரும்பியிருக்கும்."

"காத்து திருப்பிட்டு, போல்ட்டையும் டைட் பண்ணிட்டா போகும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார்த்திகை தீபத்தன்று, நாங்கள் நின்று கும்பிடும் இடத்திலிருந்து மலை உச்சியை டிஷ் மறைத்தது. ஸ்பேனர் எடுத்துவந்து அதைத் திருப்பி முடுக்கியது நானேதான். தீபம் தெரிந்த சந்தோஷத்தில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

மெக்கானிக் சரிசெய்துவிட்டுப் போனதும் செல்வி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"தப்பு என்னோடதும்மா. கொடியைத் திரும்பக் கட்டிக்கோ."

"பரவால்லைங்கண்ணா. உள்ளயே காயப்போட்டுப் பழகிடுச்சு." அவளுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் கைக்குழந்தையின் துணிகள் ஈரம் போகாமல் தொங்கின.

இப்போது டிவியில் படம் பளிச்சென்று தெரிகிறது. டிஷ் பழையபடி உச்சியை மறைக்கிறது. மலையைக் கும்பிட நிற்கும்போதெல்லாம் என் கண்ணில் படுவது, கொடி அவிழ்ந்த அந்த வெறுங்கம்பம்தான்.