கலியம்மாளின் மனுவை மீட்ட மரியசுந்தரம்

மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எல்லாம் எடுத்துத் தண்ணீர் படாத ஓரத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கடைசி வரிசையில் போய் முழங்கால் போடுவார் மரியசுந்தரம். கோயிலைப் பெருக்குகிறவள் நான் என்பதால் எனக்கு மட்டும் தெரியும்.

வில்லியனூர் டைப்பிங் கடையில் அவருக்கு வேலை. எண்பத்தெட்டில் கடை முதலாளி சேதுராமன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஒதியம்பட்டில் என் பக்கத்து வீட்டுக் கலியம்மாளின் மகளுக்குக் காது கேட்காது. மெட்ராஸில் அப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் இடம் கேட்டு மனு அடிக்க, அவர்களை நான்தான் கூட்டிப் போனேன். அன்று சாயங்கால பஸ்ஸில் கன்னியர் மடத்துச் சிஸ்டர் மெட்ராஸ் கிளம்புகிறார். மனு அவர் கையில் சேராவிட்டால் அந்த வருஷத்து இடம் போச்சு.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதிலிருந்து காது போனதுவரை நடந்ததைக் கலியம்மாள் அழுது அழுது சொன்னாள். என்னிடம்கூட அதுவரை சொன்னதில்லை. மரியசுந்தரம் அதை இங்கிலீஷில் அடித்துக்கொண்டே வந்தார். சொல்லி முடித்து, பிள்ளைக்குப் பன் வாங்க அவள் வெளியே போன நேரம், திரை அப்படியே நின்றுவிட்டது. எதைத் தட்டியும் அசையவில்லை.

“இன்னாயா, சினிமாவா பாக்கற? ஆப் பண்ணிட்டு ஆன் பண்ணு,” என்றார் சேதுராமன்.

“பண்ணா கண்ணுக்குத் தெரியறதும் பூடும் மொதலாளி.”

“போனா போவுது. அந்தம்மாவ கூப்ட்டுத் திரும்ப சொல்லச் சொல்லு.”

“அது மட்டும் வேணாம். ஒரு தபா சொன்னதுலயே அவங்களுக்குப் பாதி உசுரு பூட்ச்சி.”

திரையில் தெரிந்த கடைசி வரிகளைப் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். எந்நேரமும் கரண்ட் போகிற காலம் அது. ஃபேன் கொஞ்சம் மெதுவானாலும் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். ஜெபமாலை உருட்டினேன், மணி தப்பித் தப்பிப் போனது. கலியம்மாள் வருகிறாளா, பஸ் வருகிறதா என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பிளாப்பியில் முன்பாதி இருந்தது. கலியம்மாள் அழுதபோது முகத்தைப் பார்க்கக் கூசி, கைக்கு ஒரு வேலையாக அதுவரை அடித்ததைப் பத்திரப்படுத்தினாராம். நடுவில்தான் கொஞ்சம் காணவில்லை.

“அக்கா, காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல இன்னா சொன்னாங்க?”

நடவுக்குப் போனது, வீட்டில் ஆள் இல்லாதது, இருட்டியபின் வந்து பார்த்தது என்று காதில் விழுந்ததை எல்லாம் சொன்னேன். அடித்தார். திரும்பி வந்த கலியம்மாள் ரேகை வைத்தாள். நகர ஆரம்பித்த பஸ்ஸோடு ஓடி, ஜன்னல் வழியாகச் சிஸ்டரிடம் கொடுத்தார். கர்த்தர் கிருபையால் இடம் கிடைத்தது.

மறு வருஷம் அவர் பெங்களூர் வேலைக்குக் கிளம்பினார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கிளம்பிய அன்று பஸ் ஏறப் போனவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அக்கா, ‘அன்னிக்கி நடவுக்குப் போனேனே, எம்புள்ள காத நான்தான் கெடுத்தேன்’னு கலியம்மா சொன்னாங்க இல்ல, நீங்களும் அத ஞாபகமா சொன்னீங்க. அத மட்டும் நான் அடிக்கல. அவங்களுக்குத் தெரியாது. சொல்லணும்னு தோணிச்சின்னா சொல்லுங்க. வேணாம்னா வுட்டுடுங்க. எது சரின்னு எனக்கு இன்னும் தெரியலக்கா.”