முதல் ஆணி

தியாகராய நகரில் மேகலாவும் கிருபாகரனும் பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்தார்கள். மாடியில் வீட்டு ஓனரம்மா. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் அந்த அம்மாள் போட்ட முதல் கண்டிஷன். அதனால் இவர்களுடைய கல்யாணப் போட்டோ பீரோவின் மேல் சாய்ந்தே கிடந்தது. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை விரித்துக் காட்டிவிட்டு வரும் மேகலாவுக்கு, அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

வாடகை மறுபடியும் ஏறியபோது அவள் யாரையும் கேட்கவில்லை. நகையை விற்று, லோன் போட்டு, ஆதம்பாக்கத்தில் ஒரு பழைய வீட்டைத் தன் பெயரிலேயே வாங்கிவிட்டாள்.

பால் காய்ச்சிய கையோடு சுத்தியலைக் கணவனிடம் நீட்டினாள். கிருபாகரன் பழைய பயத்தில் சுத்தியலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, பூப்போல ஆணியைத் தட்டினான். சத்தம் வரவில்லை. ஆனால் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

"அய்யய்யோ! ஓனரம்மா பாத்தா இன்னா சொல்லுவாங்க?" என்று பதறி வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

மேகலா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஓனரம்மா பாத்துக்கினுதான் கீறாங்க. அந்தத் துணிய அவுத்துட்டு ஓங்கி அடிய்யா!"