இரண்டு மாதம் இடப்பக்கம்

எங்கள் மகள் இரண்டு மாதம் முந்திப் பிறந்தாள். மைசூரில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் நான், வாராவாரம் அவள் எடையைக் கிராப் தாளில் புள்ளியாகக் குறித்து வந்தேன். கிடை அச்சில் வயது, செங்குத்து அச்சில் எடை. வயது தன்போக்கில் நகரும் சாரா மாறி. எடை அதைப் பின்தொடரும் சார்ந்த மாறி. தடுப்பூசி அட்டையில் இருந்த வளர்ச்சிக் கோடுகளையும் அதே தாளில் வரைந்திருந்தேன்.

என் புள்ளிகள் எல்லாமே கடைசிக் கோட்டுக்கும் கீழே கிடந்தன. குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றுதான் டாக்டர் சொன்னார். நான் நம்பியது தாளைத்தான். நான்கு மாதம் முடிந்த அன்று காலை அதை மனைவியிடம் நீட்டி, "உனக்குப் பால் பத்தலையோ என்னவோ" என்றேன். அதன்பின் அவள் பால் கொடுக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் தடுப்பூசிக்காகத் தேவராஜ மொஹல்லாவில் உள்ள சிறிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ், தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டுக் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறினார். தாளைக் காட்டினேன்.

"நீங்களே வரைஞ்சீங்களா? அழகா இருக்குதுங்க. பாப்பா எப்பப் பொறக்கோணும்னு தேதி குடுத்திருந்தாங்க?"

சொன்னேன்.

"அப்ப அந்த ரெண்டு மாசத்தைக் கழிச்சுப் போடோணுங்க சார். அது இவ வயித்துக்குள்ள இருந்திருக்க வேண்டிய நாளுங்க."

என்னிடமே பென்சில் வாங்கி, ஒவ்வொரு புள்ளியையும் இடப்பக்கம் நகர்த்தினார். முதல் பாதிப் புள்ளிகள் பூஜ்யத்துக்கும் அப்பால் போய்விட்டன. மற்றவை கோடுகளுக்கு நடுவே வரிசையாக ஏறின. எடையில் எந்தப் பிழையும் இல்லை. எண்ணத் தொடங்கிய இடத்தில்தான் பிழை. பூஜ்யம் எங்கே என்று முதலில் பாருங்கள் என வருடக்கணக்காக மாணவர்களிடம் சொல்லி வந்தவன் நான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஹௌதா, நிஜமாவா? அப்போ என் பால் போதுதா?"

"நல்லாப் போதுதுங்கக்கா. ஒரு கொறையும் இல்லீங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. நான் சொன்னதை எவ்வளவு ஆழமாக மனத்தில் வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திரும்பும்போது ஆட்டோவில், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"கூடாதுதான்" என்றாள். எங்கள் தெரு வந்ததும் குழந்தையை என் மடிக்கு மாற்றினாள்.

கணக்கு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்று அந்த நர்ஸ் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தேதியை மட்டும் கேட்டார். அந்த நாகரிகத்துக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

முதல் பிறந்தநாளன்று மகளை அவரிடம் கொண்டுபோனோம். இரண்டு கையாலும் வாங்கித் தூக்கியவர், "யம்மா, கை வலிக்குதுங்க!" என்று சிரித்தார். ஆனாலும் ஊசி போட அடுத்த குழந்தை வரும்வரை அவளைக் கீழே இறக்கவில்லை.